பென்னெட் அம்மாளின் கட்சி

ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-ல் வெளிவந்தது. இருநூறு வருஷங்களுக்கு மேலாகியும் வாசகர் கூட்டம் குறையவில்லை. காரணம் கேட்டால் சினிமாக்காரர்கள் காதல் என்கிறார்கள். பேராசிரியர்கள் அங்கதம் என்கிறார்கள். ஆனால், பென்னெட் அம்மாளைப் பார்த்துச் சிரிப்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்று! நானும் கல்லூரியில் படித்தபோது சிரித்தவன்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அந்த அம்மாள் அசடு, வாயாடி, ஒப்புக்கொள்கிறேன். சட்ட நுணுக்கம் அவள் மண்டையில் ஏறாது. ஆனால் விளைவு தெரியும். ஐந்து பெண்கள், பிள்ளை இல்லை. வருஷம் 2,000 பவுண்டு தரும் சொத்து ஆண் வாரிசுக்கே சேரவேண்டுமென்று ஏற்பாடு. கணவர் கண்ணை மூடினால் வீடு காலின்ஸ் என்ற உறவுக்காரப் பாதிரிக்குப் போய்விடும். எலிஸபெத்துக்கு மிஞ்சுவது, அதுவும் தாயார் காலத்துக்குப் பிறகு, 4 சதவிகித வட்டியில் 1,000 பவுண்டு. வருஷத்துக்கு 40! பெண் கேட்க வந்த இடத்தில் காலின்ஸே இதைச் சொல்லிக் காட்டுகிறான். அவனை எலிஸபெத் மறுத்தது சரி. தாயார் அலறியதும் சரிதான். புத்தக அறையில் உட்கார்ந்து மனைவியைக் கேலி செய்த தகப்பனார் ஒரு காசு மிச்சம் பிடிக்கவில்லை. அவரை மட்டும் ரசிகர் என்று கொண்டாடுகிறோம்.

அதே காலின்ஸை, 27 வயதான சிநேகிதி சார்லட் ஏற்றுக்கொள்கிறாள். காதலுக்காக அல்ல, தனக்கென்று ஒரு வீட்டுக்காக. ஆசிரியர் அவளைத் தண்டிக்கவில்லை. கோழி வளர்த்துக்கொண்டு, கணவன் தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று அவனை உற்சாகப்படுத்திக்கொண்டு, அவள் குடித்தனம் நடத்துகிறாள். இந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால், வருஷம் 10,000 பவுண்டு டார்ஸி வெறும் ராஜகுமாரன். எலிஸபெத் எதைப் பணயம் வைத்து மறுத்தாள் என்பது சார்லட்டைப் பார்த்த பிறகுதான் நமக்கு உறைக்கிறது. 1940-ல் ஹாலிவுட்டில் படமெடுத்தவர்களுக்கு உறைக்கவில்லை. அந்தஸ்துத் திமிர் பிடித்த காதரின் சீமாட்டியையே காதலுக்குத் தூதாக்கிவிட்டார்கள்!

பவுண்டுக் கணக்கை ஆஸ்டனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1802-ல் சொத்துள்ள ஒருவருக்குச் சம்மதம் சொல்லி, மறுநாள் காலையிலேயே மாற்றிக்கொண்டவர். 1805-ல் தகப்பனார் இறந்தபின் தாயாரோடும் தமக்கையோடும் சகோதரர்கள் உதவியில் காலம் தள்ளியவர். இந்த நாவலின் உரிமைக்கு 150 பவுண்டு கேட்டு, 110-க்குக் கொடுத்தார். முகப்பில் அவர் பெயர்கூட இல்லை. அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பும் வந்தது, லாபம் வெளியிட்டவருக்கு.