தெளிவா இருந்தா சுத்தமா? மெத்தனாலை நம் கண்ணால் ஏன் கண்டுபிடிக்க முடியாது?

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு கோலியனூர் கூட்டுரோடு தெரிந்திருக்கும். அங்கே டீ குடிக்க இறங்கினால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். காலி கண்ணாடி டம்ளர் வழியாக எதிரில் நிற்கும் பஸ் தெரியும். டீ ஊற்றிய பிறகு தெரியாது. எவர்சில்வர் டம்ளரில் எப்போதுமே தெரியாது. ஏன்?

சின்னப் பசங்க கேட்கிற கேள்வி மாதிரி தோன்றும். ஆனால் இந்த மாவட்டத்தில் இது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலும் விஷச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 வரை கள்ளக்குறிச்சியும் விழுப்புரம் மாவட்டம்தான். இரண்டு சம்பவத்திலும் எமன் ஒன்றுதான்: மெத்தனால். பார்க்க அது தண்ணீர் மாதிரியே இருக்கும்.

வெளிச்சம் எப்போது ஊடுருவும்?

ஒரு பொருளில் இருக்கும் எலக்ட்ரான்கள் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. படிக்கட்டு மாதிரி குறிப்பிட்ட ஆற்றல் நிலைகளில்தான் இருக்கும். மேல் படிக்கு ஏறத் தேவையான ஆற்றலை ஒளி கொடுத்தால், அந்த ஒளியை எலக்ட்ரான் விழுங்கிவிடும். ஆற்றல் போதவில்லை என்றால் ஒளி பாட்டுக்கு உள்ளே புகுந்து வெளியே போய்விடும்.

கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவில் ஒரு படி ஏற சுமார் 9 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிடம் இருப்பதோ அதிகபட்சம் 3 சொச்சம். 9 ரூபாய் டிக்கெட்டுக்கு கையில் 3 ரூபாய் வைத்திருக்கும் கதை. அதனால்தான் கண்ணாடி வழியே பஸ் தெரிகிறது.

எவர்சில்வரில் எலக்ட்ரான்கள் சுதந்திரமாக ஓடுகின்றன. எந்த அளவு ஆற்றலுக்கும் அவை அசைந்து கொடுக்கும், ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பால் விஷயம் வேறு. பாலில் மிதக்கும் கொழுப்பு, புரதத் துகள்களில் ஒளி மோதி நாலா பக்கமும் சிதறுகிறது. கண்ணாடியையே பொடியாக்கினால் வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான்.

மெத்தனாலும் எத்தனாலும்

போதை தரும் எத்தனாலில் 2 கார்பன் அணுக்கள். மெத்தனாலில் 1. வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டிலும் எலக்ட்ரான் படி ஏற புறஊதா ஒளி வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி (சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை) இரண்டிலும் தடையில்லாமல் போகும். தண்ணீரிலும் இதே கதைதான். ஆக, மூன்றும் பார்வைக்கு ஒன்று.

அகச்சிவப்பு ஒளியில் கதை மாறுகிறது. அந்த ஒளி எலக்ட்ரானை விட்டுவிட்டு, அணுக்களுக்கு இடையேயான பிணைப்புகளை அதிரவைக்கும். மெத்தனாலின் அதிர்வு வேறு, எத்தனாலின் அதிர்வு வேறு. ஆய்வகக் கருவி சட்டென்று பிரித்துச் சொல்லிவிடும், கண்ணால் முடியாது. எரித்துப் பார்ப்பது, முகர்ந்து பார்ப்பது போன்ற ஊர் சோதனைகளையும் நம்ப முடியாது. இரண்டும் கலந்திருந்தால் அவை சுத்தமாக ஏமாற்றிவிடும்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

உடலுக்குள் போன மெத்தனாலை கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இந்த அமிலம் செல்களின் ஆற்றல் உற்பத்தியை முடக்குகிறது. முதலில் அடிவாங்கும் இடங்களில் ஒன்று பார்வை நரம்பு. கருவிழியும் லென்ஸும் முன்பு போலவே தெளிவாக இருக்கும். வெளிச்சமும் உள்ளே போகும். ஆனால் அந்தத் தகவலை மூளைக்குக் கொண்டுபோகும் ஒயர் செத்துவிடும்.

சட்டம் மட்டும் போதுமா?

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு, 2024 ஜூன் 29 அன்று மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. விஷச்சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கொடுக்க அது வழி செய்கிறது. தண்டனை பயம் விற்பவனுக்கு. குடிப்பவனுக்கு எச்சரிக்கை எங்கே?

ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீல நிறம் சேர்ப்பது எதற்கு? வெளிச்சந்தைக்குப் போனால் பார்த்ததும் தெரிய வேண்டும் என்பதற்காக. பிரிட்டனில் மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டுக்கு ஊதா நிறம் சேர்த்து வந்தார்கள். நிறம் என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கும் மூலக்கூறு. மெத்தனாலில் இல்லாத அடையாளத்தை அது கொடுக்கும்.

இதிலும் சிக்கல் உண்டு. மருந்து, ரசாயன ஆலைகளுக்கு கலப்படமில்லாத மெத்தனால்தான் வேண்டும். நிறத்தை நீக்கவும் வழிகள் இருக்கின்றன. அதனால் ஆலைக்குப் போகும் மெத்தனால் ஒவ்வொரு லிட்டருக்கும் கணக்கு இருப்பதுதான் முதல் பாதுகாப்பு. சில்லறையாகக் கைமாறும் கரைப்பான்களுக்காவது நிறம் சேர்ப்பது அடுத்த பாதுகாப்பு.

உடனே என்ன செய்யணும்?

பார்வை மங்குவது, பனிமூட்டம் போலத் தெரிவது, வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது ஆகியவை அறிகுறிகள். இவை தெரிய 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். "ராத்திரி குடிச்சது, இப்போ என்ன ஆகப்போகுது" என்று விட்டுவிடக் கூடாது. கூடக் குடித்தவருக்கு அறிகுறி இருந்தால், தனக்கு ஒன்றும் இல்லை என்றாலும் கிளம்பிவிட வேண்டும். 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து, டயாலிசிஸ் இரண்டும் இருக்கின்றன. சீக்கிரம் போனால்தான் உயிரும் பார்வையும் மிஞ்சும்.

தெளிவாக இருப்பதெல்லாம் சுத்தம் இல்லை. வெளிச்சம் தடையில்லாமல் போகிறது என்பதற்கு மேல் அந்தத் தெளிவுக்கு வேறு அர்த்தமே கிடையாது.