பேனாக் கீறலின் சாட்சியம்

அமெரிக்காவின் முதல் பொதுத் தபால்தலைகள் 1847 ஜூலையில் வெளிவந்தன: ஐந்து சென்ட்டில் பிராங்க்ளின், பத்து சென்ட்டில் வாஷிங்டன். முத்திரை விழாத தலைக்கே சந்தையில் மதிப்பு அதிகம். ஆய்வாளருக்கோ அது பாதி ஊமை; தலை எங்கே, எப்படிப் பயன்பட்டது என்பதை அதன்மேல் விழுந்த குறிதான் சொல்லும். முத்திரைக் கட்டை இல்லாத சிற்றூர்களில் பேனாவால் கீறியே தலையைச் செல்லாததாக்கினார்கள். கனெக்டிகட்டின் வாட்டர்பரி அஞ்சலகத்தில் ஜான் ஹில் தக்கையில் தானே உருவங்கள் செதுக்கிக் குத்தினார். 1869இன் 'ஓடும் கோழி' அவர் கைவேலை. (அரசு அலுவலகத்தில் இப்படியொரு குறும்பு!) 1860இல் தபால்துறை, ஊர்ப்பெயர் முத்திரையைத் தலைமேல் குத்தக் கூடாது என்றது. ஆகவே அதன்பின் வந்த தலைகளை உரித்தெடுத்தால், ஊரும் தேதியும் பெரும்பாலும் உறையோடு போய்விடும்.

முத்திரையைத்தான் போலியாக அடிக்கலாமே, அதை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஹில் செதுக்கியது போன்ற அழகு முத்திரைகளில் போலிகள் ஏராளம். ஆனால் பேனாக் கீறலை ரசாயனத்தால் அழித்துப் 'புதிய' தலையாக விற்பவர்களும் உண்டு. அதனால் வெறும் தலையும் பத்திரமான சாட்சி அல்ல. தலையிலிருந்து உறைமீது தொடரும் மை, கட்டணம், பயணத் தடம் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்பதே சோதனை. பழைய உறை கையில் கிடைத்தால் தயவுசெய்து தலையை நனைத்து உரிக்காதீர்கள்.