இரைப்பு நோயுள்ளோரும் புல்லறுப்பு வேலையும்

வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் வளரும் புல்லை அறுத்தல் அற்ப வேலையென்றே மிராசுதார்களில் பலர் எண்ணுகின்றனர். கதிர் அறுக்க வலுவில்லாதவனைப் புல்லறுக்க அனுப்புவது வழக்கம். அவன் இரைப்பு நோயாளியாயின் இவ்வழக்கம் பொருந்தாது. பூத்த புல்லினின்று உதிரும் மகரந்தமும், கிளம்பும் புழுதியும், குனிந்தே இருப்பதால் நெஞ்சுக்கு உண்டாகும் நெருக்கமும் ஒருங்கே சேர்ந்து அவனுடைய சுவாசத்தைத் தடைப்படுத்தும்.

அவனை அடியோடு விலக்கிவிடுதலும் தக்கதன்று, கூலி போய்விடும். வேலையை வரப்பின் நீளத்தால் அளவிடாமல் அவன் மூச்சால் அளவிட வேண்டும். அறுத்துக்கொண்டே ஒரு வாக்கியத்தைத் தடையின்றிப் பேசக் கூடுமாயின் வேலை அளவோடிருக்கிறது. நடுவே மூச்சு வாங்குமாயின் அரிவாளைக் கீழே வைத்துவிட வேண்டியதே. வரப்புக்கு இவ்வளவென்று மொத்தக் கூலி பேசுமிடத்தில் இது நடவாது. இத்தகையவருக்கு நாட்கூலியே நியாயம். கருக்கு மழுங்கிய அரிவாள் இருமடங்கு வலுவைக் கேட்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. வைத்தியர் கொடுத்த உறிஞ்சு மருந்து வீட்டு மாடத்திலன்றி அவன் மடியிலிருக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது அறுக்கும் பருவம். பூக்குமுன் அறுத்த புல்லில் மகரந்தத் தொல்லையில்லை. மாட்டுக்கும் அதுவே சத்துள்ள தீனி. முற்றவிட்டு அறுப்பவர் ஆளையும் மாட்டையும் ஒருசேர நஷ்டப்படுத்துகிறார்.

1950-களில் புனாவில் காணப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. அதன் மகரந்தம் மூச்சிரைப்பை உண்டாக்கவல்லது. செடி உடம்பில் பட்டால் பலருக்குச் சொறியுங் காணும். மழைக்குப்பின் மண் ஈரமாயிருக்கையில், பூக்குமுன், கையுறையணிந்து பிடுங்குவதே முறை. அதுவும் இரைப்புள்ளவர் வேலையன்று.

பெட்ரோல் யந்திரம் வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததென்று கருதுவோருண்டு. அதன் பாரமும் புகையும் நோயாளிக்கு ஆகா. மின்கலத்தால் ஓடும் யந்திரத்தில் புகையில்லையெனினும் புழுதி குறைவதில்லை. ஈரத்துணியை மூக்கில் கட்டுவதும் பெருந்தூசியைத்தான் தடுக்கும், நுண்தூசி புகுந்துவிடும்.

வாய்க்கால் கரைகளையும் சாலையோரங்களையும் சுத்தம் செய்விக்கும் கிராம அதிகாரிகள், மேலதிகாரி பார்வையிட வரும் நாளை எதிர்பார்த்திராமல், புல் கதிர் தள்ளுமுன் ஆள் அமர்த்துவார்களாக.