கேள்வியினும் பெரிய நூல்

ஜோசஃப் நீதாம் என்ற பெயரைக் கேட்டவுடனே, நவீன விஞ்ஞானம் சீனாவில் ஏன் தோன்றவில்லை என்று அவர் எழுப்பிய கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு விடை சொல்லப் புகுந்துவிடுகிறார்கள். அக்கேள்வியினும் அவர் செய்த காரியம் பன்மடங்கு பெரிது என்பது என் அபிப்பிராயம். நடவாத ஒன்றுக்குக் காரணம் தேடுவது, இன்றைய பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் உங்கள் பெயர் ஏன் வரவில்லை என்று ஆராய்வதற்கு ஒப்பாகும் என அமெரிக்க அறிஞர் நேதன் சிவின் சொன்னது பரிகாசமாயினும் நியாயமே.

1900-இல் லண்டனில் பிறந்த நீதாம் சரித்திரத்தை முறையாகக் கற்றவரல்லர்; கேம்பிரிட்ஜில் கருவின் ரசாயனத்தை ஆராய்ந்து மூன்று பாக நூல் எழுதிய நிபுணர். 1937-இல், மருந்து வணிகர் ஒருவரின் புதல்வியான லூ குவெய்-ஜென் சீனாவிலிருந்து ஆராய்ச்சிக்காக அங்கே வந்துசேர, அவரிடம் சீன மொழி பயின்றார். யுத்த காலத்தில் சுங்கிங்கில் பிரிட்டிஷ் விஞ்ஞான அலுவலகம் ஒன்றை நடத்தி, துன்ஹுவாங் வரை லாரியில் அலைந்து, சோதனைச்சாலைகளுக்கு உபகரணங்களைச் சேர்ப்பித்துக்கொண்டே பழைய நூல்களையும் திரட்டினார். அங்கே அறிமுகமான வாங் லிங் பின்னர் கேம்பிரிட்ஜுக்கு வந்து துணைநிற்க, ‘சீனாவில் விஞ்ஞானமும் நாகரிகமும்’ என்னும் மகாநூலின் முதற்பாகம் 1954-இல் வெளிவந்தது.

அந்த உழைப்பின் தன்மைக்குக் கடிகார ஆராய்ச்சி ஒன்றே போதிய சாட்சி. கைஃபெங் நகரில் 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூ சுங் நிறுவிய கோபுரத்தில், மட்டம் மாறாத தொட்டியிலிருந்து விழும் தண்ணீர், பெரிய சக்கரத்தின் விளிம்பிலுள்ள 36 அகப்பைகளில் ஒன்றில் நிறைந்து, குறித்த எடையை எட்டியதும், தடைக்கோல் விலக, சக்கரம் ஓர் ஆரக்கால் அளவே நகர்ந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். இவ்வாறு ஓட்டத்தை விட்டுவிட்டுத் தடுக்கும் உபாயம் சுமார் 1300-இல் ஐரோப்பாவிலேதான் உதித்தது என்று சரித்திரக்காரர்கள் எழுதிவந்ததை, சூ சுங்கின் நூலை ஆதாரமாகக் கொண்டு நீதாமும் வாங் லிங்கும் டெரிக் பிரைஸும் 1960-இல் மாற்றி எழுதினார்கள்.

இத்தனை நுணுக்கமாய்ப் பார்த்தவரே, கொரியப் போரில் அமெரிக்கா நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கியது என்னும் குற்றச்சாட்டை விசாரித்த குழுவில் 1952-இல் அமர்ந்து, பிறர் காட்டிய சாட்சியங்களை நம்பிக் கையொப்பமிட்டார். அது பிழையென்றே கருதுகிறேன். அதற்காக அமெரிக்கா பல்லாண்டு அவருக்குக் கதவடைத்தது. அந்த ஒன்றைக் காட்டி மகாநூலையும் சந்தேகிப்போர், எந்தப் பாகத்தையேனும் பிரித்து, அதில் குறிக்கப்பட்டுள்ள சீன மூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.