வண்டி நின்றால் கூலியும் நிற்க வேண்டுமா?

பெருநாளைக்கு இரண்டே நாள். சென்னை சௌகார்பேட்டையில் ஜவுளி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் புறப்பட்ட சிறிய சரக்கு வண்டி, விழுப்புரம் தாண்டியதும் டயர் வெடித்து நிற்கிறது. நள்ளிரவு நேரம். ஓட்டுநர் கடை முதலாளிக்குப் போன் செய்கிறார். "தம்பி, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்றா முதல் கேள்வி வருகிறது? இல்லை! "லேட்டானால் வாடகையில் பிடித்துக்கொள்வேன்" என்ற மிரட்டல்தான் வருகிறது.

வணிகப் பெருமக்களே! இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல.

டயர் ஏன் வெடித்தது? முக்கால் டன் ஏற்ற வேண்டிய வண்டியில் ஒன்றரை டன் ஏற்றச் சொன்னது யார்? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட வைத்தவரும் அதில் குற்றவாளிதான்!

மார்க்கம் என்ன சொல்கிறது? கூலிக்குச் சுமப்பவர் கையில் இருக்கும் சரக்கு அமானிதம். அவருடைய அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் நேரும் சேதத்துக்கு அவர் பொறுப்பாளி அல்ல என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. கூலியாளைப் பொறுப்பாக்கிய இமாம் அபூயூசுஃப் (ரஹ்), இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரும் தவிர்க்க முடியாத விபத்துக்கு விலக்கு அளித்தார்கள். சரக்கே சேதமானாலும் சட்டம் இதுதான் என்றால், சரக்கு பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு, சில மணி நேரத் தாமதத்துக்காக உழைத்தவன் கூலியில் கை வைப்பது எந்த நியாயம்?

பிடித்த பணத்தோடு விஷயம் முடிவதில்லை. டயர் வாங்க வேண்டும், மெக்கானிக்குக் கொடுக்க வேண்டும், வண்டித் தவணையும் கட்ட வேண்டும். கையில் காசில்லாதவன் எங்கே போவான்? வட்டிக்காரன் வாசலுக்குத்தான்! வட்டி ஹராம் என்று மேடை போட்டுப் பேசுகிறோம். நம் சகோதரனை அந்த வாசலுக்குத் தள்ளிவிட்டவர்கள் நாமே அல்லவா?

முதுகில் பையைச் சுமந்து பைக்கில் உணவு கொண்டு செல்லும் நம் இளைஞர்களின் நிலையும் இதுதான். வண்டி அவர்களுடையது, பழுதும் அவர்கள் செலவு. பஞ்சர் ஒட்டும் நேரத்துக்கு வருமானம் கிடையாது. இவர்களுக்காக 2023 டிசம்பரில் தமிழக அரசு தனி நல வாரியம் அமைத்தது. அதில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறோம்?

இளைஞர்களே! உங்களுக்கும் கடமை உண்டு. தேய்ந்த டயரோடும் பிடிக்காத பிரேக்கோடும் புறப்படுவது அமானித மோசடி. தூங்கி எழுந்து "வண்டி ரிப்பேர்" என்று பொய் சொல்பவர், உண்மையிலேயே வண்டி நின்றுபோன சகோதரனின் பேச்சையும் நம்ப முடியாமல் செய்கிறார். ஸ்டெப்னியும் எச்சரிக்கை முக்கோணமும் வண்டியில் இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணை அழையுங்கள்.

ஜமாஅத்துகளும் வணிகர்களும் உடனே செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, பழுதானால் செலவு யாருக்கு, காத்திருக்கும் நேரத்துக்கு என்ன கூலி என்பதை வண்டி கிளம்பும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்னது திருக்குர்ஆன் (2:282). இரண்டு, அதிக பாரம் ஏற்றச் சொல்லாதீர்கள். மூன்று, மஹல்லா பைத்துல்மாலில் வாகனப் பழுதுக்கென வட்டியில்லாக் கடன் ஒதுக்குங்கள். கடனில் மூழ்கியவர் ஸகாத் பெறும் எட்டு வகையினரில் ஒருவர் (9:60) என்பதையும் மறக்க வேண்டாம்.

பெருநாள் தொழுகையில் அந்த ஓட்டுநர் உங்கள் தோளோடு தோள் உரசி நிற்பார். அவருடைய கூலி உங்கள் பையில் இருக்கும்போது, அந்த வரிசையில் எந்த முகத்தோடு நிற்பீர்கள்?

கொடுத்துவிட்டு வாருங்கள், சகோதரர்களே!