தராசில் ‘டிக்’ என்று ஒரு பட்டன்



போன கிழமை கரையில் நடந்த நண்டுத் தகராறு தலைமன்னாரில் பலருக்கும் தெரியும். விற்க வந்தவர் கள்ளத் தராசு என்றார், நிறுத்த தம்பி அழாத குறை. பிறகுதான் ஒரு மாமா சொன்னார், “நண்டைக் கொட்டிட்டு வெறும் பெட்டியைத் திரும்ப வைங்க.” சைபர் வர வேண்டிய இடத்தில் கழித்தல் 600 கிராம் நின்றது.

நடந்தது இதுதான். பெட்டியின் எடையைக் கழிக்கிற டெயார் பட்டனைத் தம்பி அமத்தினார். பட்டதா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. முதல் பிடி நண்டு விழுந்த பிறகு சந்தேகத்தில் இன்னொரு தரம் அமத்தினார். அந்த நண்டும் பெட்டியோடு சேர்ந்து கழிந்து போனது. ஆக, ஒருவரும் களவெடுக்கவில்லை.

அந்தத் தராசில் இருப்பது தட்டையான மெம்ப்ரேன் பட்டன். மேலே ஒரு பொலியெஸ்டர் தாள், கீழே மின் கோடுகள் அச்சடித்த இன்னொரு தாள், நடுவில் ஓட்டை வைத்த ஒரு தாள். அமத்தும்போது மேல்தாள் வளைந்து கீழ்த்தாளைத் தொடும். அந்தத் தூரம் அரை மில்லிமீற்றரும் இல்லை. ஈரக் கையுறை போட்ட விரலுக்கு அது எங்கே விளங்கப் போகிறது?

தட்டைப் பட்டன் கூடாது என்று நாம் சொல்லவில்லை. உப்புத் தண்ணியும் செதிலும் உள்ளே போகாமல் காப்பது அந்த மூடின தாள்தான். ஆனால் அதே தாளுக்குக் கீழே சின்னத் துருப்பிடிக்காத உருக்குக் குமிழ் வைத்தும் செய்கிறார்கள். ஓரளவு அமத்தியதும் குமிழ் சட்டென்று உள்வாங்கும், விரலில் ‘டிக்’ என்று படும். தண்ணியும் போகாது, சந்தேகமும் வராது. 1981இல் இங்கிலாந்தில் வந்த சின்கிளேயர் இசட்எக்ஸ்81 கணினியிலும் இதே தட்டைப் பட்டன்தான். அடுத்த வருடம் வந்த ஸ்பெக்ட்ரமில் ரப்பர் பட்டனுக்கு மாறிவிட்டார்கள்.

“பீப் சத்தம் இருக்கே” என்பார்கள். என்ஜின் சத்தத்திலும் சோளகக் காற்றிலும் எந்தப் பீப் கேட்கும்? அதுவும் பாதித் தராசுகளில் சத்தத்தை நிறுத்தியே வைத்திருக்கிறோம்.

தராசுக்கு முத்திரை இருக்கிறதே என்றும் சிலர் கேட்டார்கள். முத்திரை, எடை சரியா என்பதற்கு. பட்டன் விரலுக்குப் பதில் சொல்கிறதா என்பதை வாங்குகிற நாம்தான் பார்க்க வேண்டும். வாடிக்குப் புதுத் தராசு எடுக்கிற சம்மாட்டிமார், கடையிலேயே கையை நனைத்து, கண்ணை மூடி, நாலு தரம் அமத்திப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இருக்கிற தராசை உடனே மாற்ற ஏலாதவர்கள் டெயார் பட்டனின் ஓரத்தில் ஒரு துளி பசை விட்டுக் காயவிடுங்கள். ‘டிக்’ வராது, ஆனால் விரல் இடம் தவறாது. ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால் வெறும் பெட்டியில் சைபரை இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தி முனையால் பட்டனைக் குத்துகிற பழக்கத்தையும் விடுங்கள் தம்பிமாரே, தாள் கிழிந்தால் உப்புத் தண்ணி உள்ளே இறங்கி முழுத் தராசும் போய்விடும்.