சாமியார் சொன்னதே சட்டம்!
அயர்லாந்துக் கிராமங்களின் இரட்டை நினைவு

அயர்லாந்து நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் பங்குச் சாமியார் சொன்னதே சட்டம். பூசை வைப்பது மட்டுமா அவர் வேலை? பள்ளிக்கூடத்தின் நிர்வாகி அவர். ஊர் நடனக் கொட்டகையில் யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று கண்காணிப்பவரும் அவரே. இன்று அந்தச் செல்வாக்கு இல்லை. பல பங்குகளுக்குச் சேர்த்து ஒரே சாமியார்; அவரும் பெரும்பாலும் முதியவர். 2016ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் 79 சதவிகிதமாக இருந்த கத்தோலிக்கர், 2022ல் 69 சதவிகிதமாகக் குறைந்தனர். பழைய சாமியார்களைப் பற்றிய பேச்சு மட்டும் ஊர்களில் ஓயவில்லை.

ஊரை வாழ வைத்தவர்கள்

டோனகல் மாவட்டத்து கிளென்கொலம்கில் கிராமத்துக்கு 1951ல் வந்தார் ஜேம்ஸ் மக்டையர். பிழைப்புத் தேடி இளைஞர்கள் கப்பலேறிக் கொண்டிருந்த காலம் அது. மின்சாரமும் ரோடும் கேட்டுப் போராடினார். கூட்டுறவுத் தொழில்களைத் தொடங்கினார். எல்லாம் நிலைக்கவில்லை. ஆனால் 1967ல் திறந்த கூரை வீட்டுக் காட்சிசாலையை இன்றும் வெளியூரார் வந்து பார்க்கிறார்கள்.

மேயோ மாவட்டத்து நாக் கிராமத்தில் ஜேம்ஸ் ஹொரன், சதுப்பு நிலக் குன்றின்மேல் விமான நிலையம் கட்டப் புறப்பட்டார். பலர் சிரித்தனர். அரசாங்கம் பாதியில் பணத்தை நிறுத்தியது. அவரோ நன்கொடை திரட்டி வேலையை முடித்தார். 1986 மே மாதம் நிலையம் திறக்கப்பட்டது; ஆகஸ்டில் அவர் காலமானார்.

மறைந்திருந்த அவலம்

நினைவுக்கு மறுபுறமும் உண்டு. ஃபெர்ன்ஸ் மறைமாவட்டம் பற்றி 2005ல் அரசாங்க விசாரணை அறிக்கை வெளிவந்தது. 1962 முதல் 2002 வரை 21 சாமியார்கள்மீது, குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்ததாக நூற்றுக்கு மேற்பட்ட புகார்கள்! சாமியாரை எதிர்த்துச் சொன்னால் யார் நம்புவார் என்ற அச்சம் எத்தனையோ வாய்களைப் பூட்டியிருந்தது.

நல்லவர் சிலர், கெட்டவர் சிலர் என்று இதை முடித்துவிட முடியாது. கேள்வி கேட்பாரற்ற அதிகாரம்தான் இரண்டுக்கும் வேர். அதே அதிகாரம் நல்லவர் கையில் ரோடு போட்டது; கெட்டவர் கையில் குற்றத்தை மூடியது.

இன்று சாமியார் வராத ஞாயிறுகளில் பல ஊர்களில் பொதுமக்களே ஜெபத்தை நடத்துகிறார்கள். ஊருக்கு வேண்டியதைக் கேட்கவும் அவர்களே கூடியாக வேண்டும். மக்டையருக்கும் ஹொரனுக்கும் நன்றி சொல்லும் அதே ஊர்கள், வாய் பூட்டப்பட்ட குழந்தைகளையும் மறக்கலாகாது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால், அது பாதி உண்மையே.